ஒரு நாயைக் கொடுக்க ஏன் இத்தனை விசாரணை?

கையில் பணமிருந்தால் சென்னையில் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்க அரை மணி நேரம் போதும். அட்டைப்பெட்டியில் போட்டு, ஒரு பாக்கெட் தீனியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். தெருவில் அடிபட்டுக் கிடந்த நாட்டு நாயைக் காப்பாற்றி இலவசமாகத் தருகிற இடத்திலோ கதையே வேறு. பக்கம் பக்கமாகப் படிவம் வரும். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு தன்னார்வலர் நேரில் வந்து கேட்டை ஆட்டிப் பார்ப்பார், மொட்டைமாடிச் சுவரின் உயரத்தைப் பார்ப்பார். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற பெண் வீட்டார்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

"சும்மா குடுக்குற நாய்க்கு இவ்வளவு பந்தாவா?" என்று சலித்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. சில அமைப்புகள் அளவுக்கு மீறித்தான் கேட்கின்றன. ஆனால் பொறுப்பாக நடக்கிற ஒரு மீட்பு அமைப்பின் நிபந்தனைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அவை யாரோ ஒருவரின் பிடிவாதத்தில் பிறந்தவை அல்ல என்பது தெரியும். நாயின் ரத்தத்திலும் குடலிலும் மூளையிலும் நடப்பதைப் பார்த்துப் பார்த்து உருவானவை அவை. சிலவற்றுக்குப் பின்னால் அறுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. ஒன்றிரண்டுக்குப் பின்னால் பல ஆயிரம் ஆண்டு வரலாறே இருக்கிறது.

வயதிலிருந்து தொடங்கலாம். தத்தித் தத்தி நடக்கிற ஒரு மாதக் குட்டிதான் எல்லோருக்கும் வேண்டும். பொறுப்புள்ள அமைப்பு அதைத் தராது. எட்டு வாரமாவது ஆகட்டும் என்பார்கள். அதுவரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் உருண்டு புரள வேண்டும். அண்ணன் காதை அழுத்திக் கடித்தால் அவன் கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடுவான். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற பாடம் அங்கேதான் கிடைக்கிறது. மனிதர் யாரும் அதை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் மனிதரையே பார்க்காமல் வளர்ந்தால்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே டேனியல் ஃப்ரீட்மன், ஜான் கிங், ஆர்வில் எலியட் ஆகிய மூவரும் செய்த ஒரு சோதனையின் முடிவு 1961-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. உயரமான வேலியடைத்த வயலில் குட்டிகளைத் தாயோடு விட்டார்கள். உணவும் தண்ணீரும் உள்ளே போகும். மனித முகம் மட்டும் கண்ணில் படாது. பிறகு சில குட்டிகளை இரண்டாம் வாரத்தில், சிலவற்றை மூன்றாம் வாரத்தில், ஐந்தில், ஏழில், ஒன்பதில் என்று வெளியே எடுத்து, ஒரு வாரம் மட்டும் தினமும் மனிதரோடு பழகவிட்டு, மீண்டும் வயலுக்கே அனுப்பினார்கள். ஒரு குழுவைப் பதினான்கு வாரம் வரை எடுக்கவே இல்லை.

ஐந்து வாரக் குட்டிகள் தயங்கிவிட்டு ஓடி வந்தன. ஏழு வாரக் குட்டிகளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒன்பது வாரத்தில் எடுத்தவற்றின் பயம் தெளிய இன்னும் அதிக நேரமானது. பதினான்கு வாரம் மனிதரைக் காணாமல் வளர்ந்தவை காட்டு விலங்குகளைப் போல நடந்துகொண்டன. பிறகு எவ்வளவு பழக்கியும் பெரிதாக மாறவில்லை. அவை பிறவியில் முரட்டு நாய்கள் அல்ல. இதே தாய்களுக்குப் பிறந்த மற்ற குட்டிகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. வித்தியாசம் சில வாரங்களில் இருந்தது.

குட்டியின் மூளையில் இரண்டு விஷயங்கள் வெவ்வேறு வேகத்தில் முதிர்கின்றன. புதியதை முகர்ந்து பார்க்கும் ஆர்வம் மூன்றாம் வாரத்திலேயே விழித்துவிடுகிறது. புதியதைக் கண்டு ஒதுங்கும் பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து, ஏழெட்டு வாரத்துக்கு மேல் பலம் பெறுகிறது. ஆர்வம் வந்துவிட்டது, பயம் முழுதாக வரவில்லை என்ற அந்த இடைவெளியில் எதையெல்லாம் சந்திக்கிறதோ, அதெல்லாம் 'நம்மது' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. இதனால்தான் நல்ல அமைப்புகள் குட்டிகளைக் கூண்டில் வைக்காமல், தற்காலிகமாக வளர்த்துத் தரும் ஃபாஸ்டர் வீடுகளில் விடுகின்றன. குக்கர் விசில், மிக்ஸி, ஹெல்மெட் போட்ட தலை, ஊன்றுகோல் தாத்தா, காலிங் பெல், ஆட்டோ என்று எல்லாமே அந்தச் சில வாரங்களில் காதிலும் மூக்கிலும் விழ வேண்டும். தெருவில் இறக்கிவிட முடியாது. அதனால் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வருவார்கள்.

ஏன் இறக்கிவிட முடியாது என்பது அடுத்த கதை. இதில் நம்மில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற ஒரு சங்கதி இருக்கிறது. குட்டிக்கு ஒரே ஊசியை மூன்று முறை போடுகிறார்களே, முதல் ஊசி கொஞ்சம் பாதுகாப்பு தரும், அடுத்தது கூட்டும், மூன்றாவது நிறைவாக்கும் என்று நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கும். குட்டியின் குடல் ஏறக்குறைய ஒரு நாள் மட்டும் அவற்றைச் சிதைக்காமல் ரத்தத்துக்குள் விடும். பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். அந்தத் தாய்வீட்டுச் சீர் சில வாரங்களுக்குக் குட்டியைக் காக்கிறது. சிக்கல் என்னவென்றால், தடுப்பூசியில் இருக்கிற வலுவிழந்த வைரஸையும் அது எதிரியாகவே பார்த்து அழித்துவிடும். அப்போது போட்ட ஊசி வீண்.

நாளாக ஆகத் தாயின் புரதம் குறைகிறது. ஒரு கட்டத்தில், நிஜ வைரஸைத் தடுக்க அது போதாது, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதும் என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. குட்டி முழு நிராயுதபாணியாக இருக்கும் நாள்கள் அவை. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது வரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளும் மாறும். ஆகவே ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறாம் வாரம் வரை ஊசி போட்டுக்கொண்டே போகிறார்கள். ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் விழும் என்பது கணக்கு. 'முதல் ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த நாள்களுக்காகக் காத்திருப்பவற்றில் மிகக் கொடியது பார்வோ. நாயோடு மனிதன் வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டு ஆகிறது; இந்த நோயின் வயது ஏறக்குறைய ஐம்பதுதான். பூனைகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றோ, அதன் நெருங்கிய உறவோ, தன் மேலோட்டில் சில சின்ன மாற்றங்களைப் பெற்று நாயின் செல்லுக்குள் நுழையக் கற்றுக்கொண்டது. 1978-ல் அது கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் பரவியது. உலகத்து நாய்கள் எதற்குமே அதை எதிர்த்த அனுபவம் இல்லை. அந்த வைரஸ்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய நாற்பதாயிரம் நிற்கும். அவ்வளவு சிறியது, அவ்வளவு முரடு. மண்ணில், சிமெண்ட் தரையின் விரிசலில், மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுகூட உயிர்ப்போடு கிடக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் ஒன்றும் ஆகாது. ப்ளீச்சிங் கரைசல் வேண்டும்.

'இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று' என்ற கேள்வி இங்கிருந்து வருகிறது. உங்கள் ஒழுக்கத்தைச் சோதிப்பதற்காக அதைக் கேட்பதில்லை. போன வருடம் ஒரு குட்டி ரத்தபேதியாகி அந்த வீட்டில் இறந்திருந்தால், இந்தக் குட்டியை அங்கே அனுப்புவது கொலை. ஊசியெல்லாம் முடிந்த பெரிய நாய் என்றால் தாராளமாக அனுப்பலாம்.

சோப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. ரேபிஸ் வைரஸ் இதற்கு நேர் எதிர். அதைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது; சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். நாய் கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள் என்பது வெறும் முதலுதவிச் சடங்கல்ல. வைரஸை அங்கேயே கொல்லும் வேலை அது. கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியும் போட்டாக வேண்டும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிற குட்டி என்றாலும் சரி.

மீட்டு வந்த நாயை உடனே தராமல் சில வாரம் தனியே வைத்திருப்பதற்கும் காரணம் இந்த மாதிரி நோய்களின் நேரக் கணக்குதான். பார்வோ உள்ளே போய் ஒன்றிரண்டு வாரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். டிஸ்டெம்பர் சில வாரம் எடுத்துக்கொள்ளும். சளியும் கண் பீளையுமாகத் தொடங்கி, தேறிவிட்டது என்று நினைக்கும்போது நரம்பைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும். உண்ணியால் வரும் எர்லிக்கியா காய்ச்சலோ வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தத்தில் ஒளிந்திருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் பிடிபடும்.

டிஸ்டெம்பர் என்றதும் எனக்கு ஜெர்மனியின் பான் நகரில் ஓபர்காஸல் என்ற பகுதியில் கிடைத்த ஒரு நாய் நினைவுக்கு வரும். 1914-ல் கல்குவாரித் தொழிலாளர்கள் தோண்டியபோது ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய் என்று எலும்புகள் கிடைத்தன. வயது ஏறக்குறைய 14,200 ஆண்டுகள். அந்த நாயின் பற்களை லுக் யான்சென்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஆராய்ந்து 2018-ல் ஒரு முடிவைச் சொன்னார்கள். பற்களின் எனாமலில் இருந்த பள்ளங்கள் டிஸ்டெம்பரின் அடையாளங்களைப் போலிருந்தன. ஐந்து மாத வயதுவாக்கில் நோய் வந்திருக்கிறது. திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கிறது. ஆனாலும் அந்தக் குட்டி பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. அந்த நிலையில் அதனால் தானாக நடமாடி இரை தேடியிருக்க முடியாது. யாரோ அதைக் கதகதப்பாக வைத்து, துடைத்துவிட்டு, வாயில் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். வேட்டைக்கோ காவலுக்கோ எந்தவிதத்திலும் பயன்படாத ஒரு நோயாளிக் குட்டிக்கு. விவசாயமே தொடங்காத காலம் அது. மீட்பு அமைப்பு என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் புதுப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்த நிபந்தனை, கருத்தடை. சென்னை ப்ளூ கிராஸ், விமானியான கேப்டன் வி. சுந்தரத்தின் குடும்பத்தார் 1959-ல் தொடங்கிய அமைப்பு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்ற யோசனையை 1964-லேயே அது முன்வைத்தது. இன்று அது நாடு முழுக்க ஏபிசி (விலங்குப் பிறப்புக் கட்டுப்பாடு) என்ற பெயரில் விதியாகவே இருக்கிறது. தத்துக் கொடுக்கிற எந்த நல்ல அமைப்பும் கருத்தடையில் விட்டுக்கொடுக்காது. குட்டியாகத் தந்தால், வயது வந்ததும் செய்துவிட வேண்டும் என்று கையெழுத்து வாங்கும். இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லோரும் அறிந்தவை: ஏற்கெனவே இடம் தேடி நிற்கிற குட்டிகள் ஏராளம்; பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் ஆபத்து நீங்குகிறது. பெரிய உடம்புக்காரச் சில வெளிநாட்டு இனங்களுக்கு மூட்டு வலுப்பெறும் வரை கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று புதிய ஆய்வுகள் சொல்வதையும் கால்நடை மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் கருத்தடைக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விலங்குலகின் விசித்திரங்களில் ஒன்று அது. தெருநாய்களைப் பார்க்கிற எந்த மருத்துவரும் பிறப்புறுப்பில் காலிபிளவர் போல ரத்தம் கசியும் கட்டியோடு வரும் நாய்களைப் பார்த்திருப்பார். டிவிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது ஒரு புற்றுநோய். ஆனால் தொற்றும் புற்றுநோய். புணர்ச்சியின்போது நாய்க்கு நாய் பரவுகிறது. இதில் வைரஸோ பாக்டீரியாவோ இல்லை. புற்றுச் செல்லே நேரடியாக ஓர் உடம்பிலிருந்து உதிர்ந்து அடுத்த உடம்பில் ஒட்டி வளர்கிறது.

1876-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் இந்தக் கட்டியின் ஒரு துணுக்கை இன்னொரு நாயின் உடம்பில் வைத்து வளரச்செய்து காட்டினார். அது எப்படிச் சாத்தியம் என்பது நூற்றுமுப்பது ஆண்டு கழித்து மரபணுவை ஆராய்ந்தபோதுதான் உறுதியானது. கட்டியின் டிஎன்ஏவும் அதைச் சுமக்கிற நாயின் டிஎன்ஏவும் ஒத்துப்போகவில்லை. பிரேசில் நாயின் கட்டியும் இந்திய நாயின் கட்டியும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. கேம்பிரிட்ஜில் எலிசபெத் மர்ச்சிசன் குழுவினர் பல நாடுகளின் நூற்றுக்கணக்கான கட்டிகளை ஒப்பிட்டு 2019-ல் சொன்னது இது: இந்தக் கட்டிகள் எல்லாமே ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள். அந்த நாய் செத்து மண்ணாகி எத்தனையோ யுகமாயிற்று. அதன் உடம்பின் ஒரு செல் மட்டும் சாகாமல், பிரிந்து பிரிந்து, தேவைப்பட்டபோது தான் குடியேறிய நாய்களிடமிருந்து மைட்டோகாண்ட்ரியாவைக்கூடத் திருடிக்கொண்டு, கப்பலேறிக் கண்டங்கள் கடந்து, இன்று வேளச்சேரியில் ஏதோ ஒரு நாயின் மேல் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மருந்து இருக்கிறது என்பது நல்ல செய்தி. வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒருமுறை எனச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கட்டி சுருங்கி மறைந்துவிடும். வின்கிரிஸ்டின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்திய கல்யாணிச் செடியிலிருந்து. ஆயிரமாயிரம் ஆண்டு சாகாத செல்லைச் சாகடிக்கிற செடிக்கு அப்படி ஒரு பெயர். ஆகவே ஷெல்டரில் 'இதற்கு டிவிடி இருந்து சரியாகிவிட்டது' என்று சொன்னால் பயந்து பின்வாங்க வேண்டாம். கருத்தடை செய்த நாய் அந்தப் பழைய செல்லை அடுத்த நாய்க்குக் கொண்டுபோகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

பிறகு, "என்ன ஜாதி?" என்ற கேள்வி. இதை அமைப்பு கேட்பதில்லை, நாம் கேட்கிறோம். மனிதரிடம் கேட்டுப் பழகிய வாய், நாயையும் விடுவதில்லை. இனம் தெரிந்தால் குணம் தெரியும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவின்படி, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே நடத்தையில் இருக்கிற வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம். உருவத்துக்கு ஜாதி பொறுப்பு. குணத்துக்கு அவ்வளவாக இல்லை. எனவே பிஸ்கட் நிறமா, ராஜபாளையம் கலப்பா என்பதைவிட, இந்த நாய் பூனையைப் பார்த்தால் என்ன செய்யும், சாப்பிடும்போது பக்கத்தில் போகலாமா, இடி இடித்தால் எங்கே ஒளியும் என்று அதைப் பல வாரம் பார்த்துக்கொண்ட ஃபாஸ்டர் அக்காவிடம் கேளுங்கள்.

உருவத்தில் ஒன்று மட்டும் முக்கியம்: மூக்கு. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. மூக்கினுள்ளும் நாக்கிலும் இருக்கிற ஈரத்தை ஆவியாக்கித்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு ஊரெங்கும் பரவிய பக் நாய்க்கு அந்த மூக்கே நசுங்கிப்போயிருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் ஆவியாதல் ஏற்கெனவே மந்தம். நாட்டு நாயின் நீண்ட முகம் இந்த ஊருக்குப் பொருத்தமானது. சோறும் அப்படித்தான். ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணு இரண்டு நகல் இருக்கிறது. நாய்களில் நான்கு முதல் முப்பது நகல் வரை பெருகியிருப்பதை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் கண்டார்கள். மனிதன் பயிர்செய்யத் தொடங்கியபின் அவன் மிச்சத்தைத் தின்று தின்று ஏற்பட்ட மாற்றம் என்பது அவர்கள் விளக்கம். இறைச்சியும் முட்டையும் தேவைதான். ஆனால் சோற்றைப் பார்த்து நாய் முகத்தைச் சுளிக்கவில்லை என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

இனி, பலரும் தயங்குகிற இடத்துக்கு வருவோம். 'மூணு வயசு நாயா? அது இனிமேல் நம்மகிட்ட ஒட்டுமா?' பார் ஹார்பர் சோதனையைப் படித்தவர்களுக்கே இந்தச் சந்தேகம் வரலாம். குட்டியில் திறந்த கதவு மூடிவிட்டதே?

அந்தக் கதவு மனித இனத்தைப் பற்றியது. நம் தெருநாய்களுக்கு அது எப்போதோ திறந்தாயிற்று. மனிதர் காலடியில்தான் அவை பிறக்கின்றன. கொல்கத்தாவில் உள்ள ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தெருநாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பாத்திரத்தைச் சுட்டிக்காட்டினால் தெருநாய் புரிந்துகொள்ளுமா என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. மனிதரால் பட்டது அப்படி. கிட்ட வந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் சுட்டிய பாத்திரத்துக்கே போயின. யாரும் பயிற்சி தரவில்லை. இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்பச் சாப்பாடு போட்டவரைவிடத் திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்தவர் மேல் தெருநாய்களுக்கு நம்பிக்கை அதிகம் வளர்ந்தது. இந்த நாய்கள் எந்தச் சூழலில் இப்படி இருக்கின்றன என்பதையும் அதே குழு கணக்கெடுத்தது: 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் ஏழு மாதம் தாண்டியவை 19 சதவீதம். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு நேராகவோ மறைமுகமாகவோ மனிதரே காரணம்.

ஒரு குறிப்பிட்ட மனிதரோடு புதிய பந்தம் உருவாகுமா என்ற கேள்விக்குப் பதில் ஹங்கேரியிலிருந்து வந்தது. கைக்குழந்தைக்குத் தாயிடம் உள்ள பற்றை அளக்க உளவியலில் ஒரு சோதனை உண்டு. அறிமுகமில்லாத அறை, தாய் இருக்கும்போது, வெளியே போகும்போது, அந்நியர் வரும்போது, தாய் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். புடாபெஸ்டின் எட்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் மார்த்தா காச்சியும் அவர் குழுவினரும் இதை ஷெல்டரில் வாழும் வளர்ந்த நாய்களிடம் செய்து 2001-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு நாயோடும் ஒரே நபர் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம், நடந்து விளையாடித் தடவிக்கொடுத்தார். மொத்தம் அரை மணி நேரம். அதன் பிறகு நடந்த சோதனையில் அந்த நாய்கள் அந்த நபரைத் தங்கள் ஆளாகவே நடத்தின. அவர் வெளியே போனால் கதவருகில் நின்றன. திரும்பினால் ஓடிப்போய் வரவேற்றன. அப்படிப் பழகாத நாய்களிடம் இது காணப்படவில்லை.

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரியும். அரை மணியில் ஒட்டிக்கொள்கிற உயிர் அது. மூன்று நாள் லீவு போட்டு மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, நான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போனால் சோபா கிழியும்.

இந்தப் பந்தத்தை நாயின் மூளைக்குள்ளேயும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில், எமரி பல்கலைக்கழகத்தின் கிரிகரி பெர்ன்ஸ் தன் வீட்டு நாய் கேலியை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் தானாகப் போய்ப் படுத்து அசையாமல் இருக்கப் பழக்கினார். மயக்க மருந்து இல்லை, கட்டுப்போடவில்லை. காதுக்கு மட்டும் உறை. விழித்திருக்கும் நாயின் மூளை வேலைசெய்வதை 2012-ல் இப்படித்தான் படம் பிடித்தார்கள். பிறகு பல நாய்களை வைத்துச் செய்த சோதனையில், பழகிய மனிதரின் வாடையை மட்டும் காட்டியபோது, நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது விழிக்கிற மூளைப்பகுதி விழித்தது. ஆள் அங்கே இல்லை, வாடை மட்டும். கேலி உயர்சாதி நாய் அல்ல. ஷெல்டரிலிருந்து தத்தெடுத்த கலப்பு.

ஆனால் இந்தப் பந்தம் உடனே கண்ணுக்குத் தெரியாது. ஷெல்டருக்கு வந்த முதல் சில நாள்களில் நாயின் ரத்தத்தில் கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன், வீட்டில் வாழும் நாயைவிட மிக அதிகமாக இருப்பதை 1990-களிலேயே அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்து ஷெல்டர்களைச் சேர்ந்த 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பி, சிறுநீரில் கார்டிசாலைப் பார்த்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. வீட்டில் இருந்த இரவுகளில் அளவு இறங்கியது. தொடர்ந்து நெடுநேரம் ஓய்வெடுத்ததும் அங்கேதான். ஷெல்டருக்குத் திரும்பியதும் அளவு பழைய இடத்துக்கே ஏறியது, ஆனால் அதைத் தாண்டவில்லை. திருப்பிக் கொண்டுவந்தால் நாய் இன்னும் நொறுங்கிவிடும் என்ற பயத்தில் இப்படி அனுப்பவே தயங்கியவர்களுக்கு அது தெம்பு தந்தது.

புது வீட்டுக்கு வந்த நாய் முதல் சில நாள் நிறையத் தூங்கும், சாப்பிடாமல் இருக்கும், கட்டிலுக்கடியில் கிடக்கும். 'எவ்வளவு அமைதியான நாய்' என்று பூரிக்க வேண்டாம். அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று மீட்பு அமைப்பினர் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆய்வகத்தில் நிறுவிய விதி இல்லை அது, கைப்பழக்கத்தில் வந்த தோராயம், ஆனால் பயனுள்ளது. அந்த முதல் நாள்களில் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களை அழைத்துக் காட்ட வேண்டாம். கண்ணையே உற்றுப் பார்க்கவும் வேண்டாம். பழகிய நாயும் அதன் ஆளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானியர்கள் 2015-ல் காட்டினார்கள். பழகாத நாய்க்கு அதே பார்வை சண்டைக்கு அழைப்பு. தப்பி ஓடுகிற நாய்கள் பெரும்பாலும் ஓடுவதும் இந்த ஆரம்ப நாள்களில்தான். எங்கே ஓடுகிறோம் என்று அதற்கே தெரியாது, திரும்பி வர வாடையும் பழகவில்லை. கேட்டை ஆட்டிப் பார்த்த தன்னார்வலர் அதைத்தான் பார்த்தார்.

சில பயங்கள் போய்விட்டதாகத் தோன்றியும் போவதில்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா நதி பெருகியது. நோவின்ஸ்கியின் அதே ஊர்தான், பெயர்தான் மாறியிருந்தது. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வக நாய்கள் கூண்டுக்குள் கழுத்தளவு நீரில் சிக்கின. ஊழியர்கள் அவற்றை நீந்தவைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பார்த்தால், பல மாதம் பழக்கிய பாடங்கள் சில நாய்களிடம் காணாமல் போயிருந்தன. மெல்ல மெல்லத் தேற்றினார்கள். தேறிவிட்டது என்று நினைத்த நேரத்தில், அறைக்கதவின் அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். ஒரு நாய்க்கு எல்லாம் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. மீட்ட நாயின் பழைய கதை நமக்குத் தெரியாது. துடைப்பத்தைப் பார்த்து ஒடுங்கலாம், தீபாவளிக்கு நடுங்கலாம், ஆறு மாதம் கழித்து ஒரு குறிப்பிட்ட வண்டிச் சத்தத்துக்கு மிரளலாம்.

அதனால்தான் ஒப்பந்தத்தில் கடைசி வரி ஒன்று இருக்கும்: வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் எங்களிடமே திருப்பித் தாருங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், தெருவில் விடாதீர்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தை முதலிலேயே கேட்பதும், இந்த வரிக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான். ஓர் அமைப்பு பொறுப்பானதா என்று அறிய எனக்குத் தெரிந்த சுலபமான சோதனை இதுதான். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று சொல்கிறார்களா என்று கேளுங்கள். ஊசி அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள், கருத்தடைச் சான்று மூன்றையும் கேட்காமலே எடுத்து வைக்கிறார்களா என்று பாருங்கள். நாயின் குறையை அவர்களாகவே சொல்கிறார்களா? 'இது ரொம்ப சமத்து, ஒரு பிரச்சினையும் இல்லை' என்று மட்டும் சொல்லி அன்றைக்கே கையில் கொடுத்தால், சந்தேகப்படலாம்.

கடைசியாக இன்னொரு விஷயம். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் வேண்டும் என்கிறது. அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழல். தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது. படிப்பான் கருவியைக் கிட்டே கொண்டுபோனால் அதன் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாய் எங்கே இருக்கிறது என்றும் காட்டாது, உங்கள் பெயரும் அதில் இருக்காது. பெயர் இருப்பது எங்கோ ஒரு பதிவேட்டில். ஷெல்டரில் சிப் போட்ட நாய் என்றால் அந்த எண்ணுக்கு எதிரே இன்னும் அமைப்பின் தொலைபேசியே இருக்கக்கூடும். கையெழுத்துப் போடுகிற அன்றே, மேசையை விட்டு எழுந்திருப்பதற்கு முன், அதை உங்கள் எண்ணுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.